நகையும் அழுகையும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று ஆசிரியர் பணித்தபோது, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய யான் சங்க நூல்களிலிருந்தோ காப்பியங்களிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை மாலையொன்றில் நம் கல்லூரி மண்டபத்தில் காட்டப்பெற்ற சிறு படமொன்று என் எண்ணத்தை மாற்றிவிட்டது. சார்லி சாப்ளின் 1917-ஆம் ஆண்டில் எடுத்து வெளியிட்ட 'தி இமிக்ரண்ட்' என்னும் பேசாப் படம் அது. அயல்நாட்டிற் குடியேற வந்தவன் என்பது அப்பெயரின் பொருள். இரண்டே சுருள், அரைமணி நேரமும் ஓடாது. மண்டபம் முழுதும் வயிறு குலுங்கச் சிரித்தது.

வெளியே வந்ததும் என் வகுப்பு நண்பர் ஒருவர், "நன்றாகத்தான் சிரித்தோம், ஆயினும் இதில் என்ன இருக்கிறது? ஒருவன் விழுகிறான், ஒருவன் உதைக்கிறான். குழந்தைகளுக்கு ஏற்ற கூத்து" என்றார். அருகில் நின்ற வரலாற்று வகுப்பு அன்பர் அதனைப் பொறுக்கவில்லை. "இது கூத்தன்று, அரசியல். சுதந்திர தேவியின் சிலைக்கு முன்னே மனிதரைக் கயிறு கட்டித் தடுக்கிறார்களே, பார்க்கவில்லையா? அதிகாரியை அவன் உதைத்த உதையிலேதான் படத்தின் உயிர் இருக்கிறது" என்றார். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடாகவில்லை. அன்றிரவு விடுதியில் விளக்கு அணையும்வரை வாதிட்டும் தீராத அவ்வழக்கையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

படம் காணாத அன்பர்களுக்காகக் கதையைச் சிறிது கூறல்வேண்டும். பெருங்கப்பல் ஒன்றின் மூன்றாம் வகுப்புத் தளத்தில் ஏழை மக்கள் அமெரிக்கா நோக்கிச் செல்கின்றனர். நம் சார்லி கப்பலின் விளிம்பில் சாய்ந்து, கால்களை உதறிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிறான். கடல்நோயால் வருந்துகிறான் என்றே நாம் கருதுகிறோம். திரும்பும்போதுதான் கையில் மீன் ஒன்று துள்ளுகிறது! நாம் இரங்கத் தொடங்கிய நொடியிலேயே நம்மை ஏமாற்றிச் சிரிக்கவைக்கும் இத்தந்திரத்தைப் படத்தின் வாயிலிலேயே அவர் வைத்திருக்கிறார். இதனை மறவாமல் மேலே செல்க.

உணவுக்கூடத்தில் கப்பலின் ஆட்டத்திற்கு ஏற்பக் கஞ்சிக் கிண்ணம் மேசையின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு ஓடுகிறது. எதிரெதிரே அமர்ந்த இருவர், தம்மிடம் வரும்போது ஆளுக்கொரு வாய் அள்ளிக்கொள்கின்றனர். (அவ்வறையையே ஆடுமாறு அமைத்தும், ஊசல்போல் அசையும் கருவியிற் படக்கருவியைப் பொருத்தியும் இவ்வாட்டத்தை உண்டாக்கினர் என்பர்.) பிறகு சூதாட்டம். தோற்ற சூதாடி ஒருவன், உறங்கும் கிழவி ஒருத்தியின் சேமிப்பைத் திருடிவந்து மீண்டும் ஆடுகிறான்; அதனையும் சார்லியிடமே இழக்கிறான். கிழவியும் அவள் மகளும் அழுவதைச் சார்லி காண்கிறான். அவர்கள் பணந்தான் தன்னிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. எனினும், அப்பெண் அறியாதபடி அவள் சட்டைப்பையில் அதனை இடுகிறான். இட்டபின் ஒரு கணம் யோசித்து, எடுத்து, எண்ணி, தனக்கெனச் சிறிது வைத்துக்கொண்டு எஞ்சியதை மறுபடியும் இடுகிறான். கப்பல் அதிகாரி அதனைக் கண்டு அவனைத் திருடன் என்று பற்றுகிறான்.

கொடையாளியைக் கள்வனாகக் காட்டும் கதைகள் பல உண்டு. ஆனால் கொடுத்த கையே சிறிது திரும்ப எடுப்பதைக் காட்டிய நேர்மை எனக்குப் புதிதாக இருந்தது. நாளைய உணவுக்கு வழி தெரியாதவன் செய்யும் கொடை அப்படித்தான் இருக்கும். அவனை வள்ளலாக்கிவிட்டால் அவன் ஏழை என்பதே மறைந்துபோகும்.

இனி வரலாற்று அன்பர் போற்றிய காட்சி. நியூயார்க் துறைமுகத்தில் 1886-ல் நிறுவப்பெற்ற சுதந்திர தேவியின் சிலை தோன்றுகிறது. தளத்திலுள்ளோர் எல்லோரும் மெய்ம்மறந்து நோக்குகின்றனர். உடனே அதிகாரிகள் நீண்ட கயிற்றை இழுத்துப் பிடித்து, மந்தையை ஓரங்கட்டுவதுபோல அவர்களை ஒதுக்குகின்றனர். சார்லி கயிற்றை நோக்குகிறான். பின் ஒருமுறை சிலையை நோக்குகிறான். அந்த இரண்டாம் நோக்கில் ஒரு சொற்பொழிவே இருக்கிறதென்பதை யான் மறுக்கவில்லை. சற்றுப்பின் அதிகாரியின் பின்புறத்தில் உதையும் விழுகிறது.

அந்நாளைய சட்டத்தை அறிந்தோர்க்கு இக்காட்சி இன்னும் கசக்கும். கப்பலின் முதல் இரண்டு வகுப்புகளில் வந்தோரைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவர். மூன்றாம் வகுப்பினரையே, 1892-ல் திறக்கப்பெற்ற எல்லிஸ் தீவிற்குக் கொண்டுசென்று உடலையும் சொல்லையும் சோதிப்பர். 1907-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் அத்தீவின் வழியே புகுந்தனர். படம் வெளிவந்தது 1917 ஜூன் மாதம். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், பிப்ரவரி 5-ஆம் நாள், குடியரசுத் தலைவர் வில்சன் மறுத்தும் கேளாமல், அமெரிக்கப் பேரவை புதிய குடியேற்றச் சட்டமொன்றை நிறைவேற்றியிருந்தது. பதினாறு வயதிற்கு மேற்பட்டோர் ஏதேனுமொரு மொழியிற் படிக்கத் தெரிந்திருத்தல்வேண்டும் என்றது அச்சட்டம். அன்றியும், ஆசியாவின் பெரும்பகுதியைக் கோடு கிழித்து, அப்பகுதியினர் குடியேறுதல் கூடாதென்றும் தடுத்தது. மாணவர் முதலிய சிலர் விலக்குப் பெற்றனர். இந்தியா அக்கோட்டிற்கு உள்ளே இருந்தது. ஆகவே, சார்லியைத் தடுத்த கயிற்றின் பின்னே நிற்பதற்குங்கூட நம் நாட்டு உழைப்பாளிக்கு அன்று உரிமையில்லை. 1946-ல்தான் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாமென்று கதவு சிறிது திறக்கப்பட்டது. நாம் சிரித்த அக்காட்சியில் நம்மவர் ஒருவரும் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம் அன்றோ?

இவ்வளவும் கூறியபின்னும், உதையே படத்தின் உயிர் என்பதை யான் ஒப்பேன். அதிகாரியை உதைத்தல் எளிது. கண்டோர் அனைவரும் கைதட்டுவர். உதைத்தவன் கூட்டத்தில் மறைவான். நாட்டிற்குள் புகுந்தபின் அவனுக்கு நேர்வதே கடினம். அது உணவு விடுதியில் நேர்கிறது. படத்தின் பிற்பாதி முழுதும் அம்மேசையின் முன்னரே நடக்கிறது.

பசியோடு தெருவில் நடக்கும் சார்லி ஒரு காசைக் கண்டெடுக்கிறான். சட்டைப்பையில் இடுகிறான். பையில் ஓட்டை, காசு நழுவித் தெருவிலேயே விழுகிறது. அவன் அறியான். விடுதிக்குள் சென்று அமர்கிறான். தொப்பியைக் கழற்றவேண்டும் என்னும் வழக்கம் அவனுக்குத் தெரியவில்லை; பரிமாறுவோரின் தலைவன் அதனை அவனுக்குக் கற்பிக்கிறான், சொல்லால் அன்று. அவித்த அவரை விதைகள் வருகின்றன. அவற்றைக் கத்தியால் ஒவ்வொன்றாக எடுத்து உண்ணும் அழகை எழுத்திற் காட்ட இயலாது. அப்போது கப்பலிற் கண்ட அப்பெண் தனியே அமர்ந்திருப்பது தெரிகிறது. மகிழ்ந்து தன் மேசைக்கு அழைக்கிறான். அவள் கையிலுள்ள கைக்குட்டையின் ஓரம் கறுப்பாயிருக்கிறது. தாய் இறந்தாள். அவ்வளவே. ஒரு சொல் இல்லை, எழுத்துப் பலகை இல்லை. அவன் முகம் ஒரு கணம் மாறுகிறது. உடனே அவளுக்கும் உணவு வேண்டுமென்று கேட்கிறான்.

இந்நிலையில் வேறொரு மேசையில் பெருங்கூச்சல். ஒருவன் தரவேண்டிய தொகையில் 10 சென்டு குறைந்துவிட்டதாம். பரிமாறுவோர் அனைவரும் ஒருங்குகூடி அவனைப் புடைத்து வெளியே எறிகின்றனர். சார்லியின் கை மெல்லத் தன் பையினுள் செல்கிறது. விரல் மறுபுறம் வெளிவருகிறது.

யான் முதலாண்டு மாணவனாக இந்நகர்க்கு வந்த புதிதில், ஆடம்பரமான உணவு விடுதி ஒன்றில் அறியாமல் நுழைந்துவிட்டேன். அமர்ந்தபின்னரே சுவரிலிருந்த விலைப்பட்டியல் கண்ணிற் பட்டது. எழுந்து செல்ல வெட்கம். பைக்குள்ளேயே விரலாற் காசுகளை எண்ணிக்கொண்டு காபி ஒன்று அருந்தினேன். காபியின் சுவை இன்று நினைவில்லை. எண்ணிய விரல்கள் நினைவிலிருக்கின்றன. ஆதலால் சார்லியின் விரல் வெளிவந்தபோது மண்டபம் சிரித்த சிரிப்பில் யானும் கலந்துகொண்டேன். ஆனால் பிறரினும் சிறிது தாமதமாக.

பின் நிகழ்வதெல்லாம் காசின் கதை. தெருவில் விழுந்த அக்காசை எடுத்த வேறொருவன் அதே விடுதிக்கு வந்து அதனைத் தலைவனிடம் கொடுக்கிறான். தலைவனின் பையிலும் ஓட்டை! காசு தரையில் விழுகிறது. ஆறடிக்கு மேற்பட்ட பருவுடலும் பிசாசு போன்ற புருவமும் கொண்டு எல்லோரையும் நடுங்கவைக்கும் அத்தலைவனும் கிழிந்த பையுடையவனே என்பதைப் படம் இடித்துக் காட்டவில்லை. காசு விழும் ஓசையின்றி விழுகிறது, அவ்வளவே. சார்லி அதன்மேற் கால் வைத்து, குனிந்து, மறைத்து, ஒருவாறு கைப்பற்றி, பெருமிதத்தோடு நீட்டுகிறான். தலைவன் அதனைப் பல்லாற் கடித்து வளைக்கிறான். கள்ளக் காசு.

அப்போது ஓவியர் ஒருவர் வருகிறார். இருவரையும் தம் ஓவியத்திற்கு ஏற்றவர் என்று கண்டு, அவர்கள் மேசையில் அமர்ந்து பேசுகிறார். கணக்குச் சீட்டைத் தாமே கொடுப்பதாகக் கூறுகிறார். சார்லி மறுக்கிறான். அவர் வற்புறுத்துகிறார். மறுக்கிறான். மீண்டும் மறுக்கிறான். அவர் சரியென்று விட்டுவிடுகிறார்!

நம்மூர் விருந்துகளில் இலையின்மேற் கையை விரித்துப் 'போதும், போதும்' என்பாரைக் கண்டிருக்கிறோம். முதற் 'போதும்' மெய்யன்று என்பதைப் பரிமாறுபவரும் அறிவர், உண்பவரும் அறிவர். எத்தனையாவது 'போதும்' மெய்யாகும் என்பதை அளந்தறிவதே நாகரிகம். ஒரு முறை மிகுதியாகச் சொன்னவன் பசியோடு எழவேண்டியதுதான். சார்லி அந்த ஒரு முறையை மிகுதியாகச் சொல்லிவிட்டான். ஏன் சொன்னான்? எதிரே அவள் இருக்கிறாள். அவள்முன் தன்னைக் கையற்றவன் என்று காட்டிக்கொள்ள அவனால் இயலவில்லை. அடிபட்டு வெளியே எறியப்படுவதைக் காட்டிலும் அவனுக்கு அஃது அஞ்சத்தக்கது. இவ்விடத்திலேதான் படத்தின் உயிர் இருக்கிறதென்பது என் துணிபு. கயிறு அவனை மந்தையாக்கியது. வேண்டாம் என்று கூறிய அந்தச் சொல்லால் அவன் தன்னைத் திரும்ப மனிதனாக்கிக்கொள்ள முயல்கிறான், கையில் ஒரு காசும் இல்லாமல். முடிவில், ஓவியர் இனாமாக விட்டுச்சென்ற காசின்மேல் தன் கணக்குச் சீட்டை நைசாக வைத்துத் தப்புகிறான். அதுவும் அவன் அறிவின் திறமே. மானமும் போகவில்லை, முதுகும் தப்பிற்று.

என் துணிபுக்குப் படம் உருவான வரலாறும் துணை நிற்கிறது. சாப்ளின் ஒத்திகைகளையும் படமாகவே எடுத்துப் பார்க்கும் வழக்கமுடையவர். அவர் கழித்துவிட்ட சுருள்களைத் தேடியெடுத்து, கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் என்னும் இருவர் 1983-ல் தொலைக்காட்சித் தொடராக வெளியிட்டனர். அவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது: முதலில் எடுக்கப்பெற்றது கப்பற் காட்சியன்று, உணவு விடுதிக் காட்சியே. தலைவனாக முதலில் நடித்தவர் ஹென்றி பெர்க்மன். அவர்பால் அச்சம் பிறக்கவில்லை. எனவே எரிக் காம்பெல் அவ்விடத்தைப் பெற்றார், பெர்க்மன் ஓவியரானார். அச்சம் வந்தபின்னரே நகை வந்தது. அதன்பின், இவ்விருவரும் ஏன் இங்கே பசியோடு அமர்ந்திருக்கின்றனர், எங்கிருந்து வந்தனர் என்ற வினாவிற்கு விடையாகவே கப்பலும் கடலும் சிலையும் படைக்கப்பெற்றன. ஆகவே, வரலாற்று அன்பர் மன்னிப்பாராக! சிலை பிறந்தது மேசையிலிருந்து. மேசை சிலையிலிருந்து பிறக்கவில்லை. (காம்பெல் பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அதே 1917-ஆம் ஆண்டு டிசம்பரில் மோட்டார் விபத்தில் இறந்தார். அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு விரைவில் மறைந்ததை எண்ணுந்தோறும் வருத்தமுண்டாகிறது.)

இனி, குழந்தைகளின் கூத்து என்ற என் வகுப்பு நண்பருக்கு விடை கூறவேண்டும். அவரும் யானும் ஒன்றாகவே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயில்கின்றோம். எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதற்கு அடுத்தே அழுகையை வைத்தார் ஆசிரியர். பிறரை இகழ்தல், பிள்ளைத்தன்மை, அறியாமை, எளிதில் நம்பிவிடுதல் ஆகியவற்றிலிருந்து நகை பிறக்கும் என்பது அவர் கொள்கை. தொப்பி கழற்றத் தெரியாமை இவற்றுள் அடங்கும். மீன் காட்சியில் நாம் எளிதில் நம்பி ஏமாந்தமையும் அடங்கும். ஆனால் எஞ்சியவை? வறுமை, உற்றாரை இழத்தல், பிறரால் இழிவுறுதல், முன்னைய நிலை மாறித் தளர்தல் ஆகிய நான்கும் அழுகைக்கு உரியன என்று அடுத்த நூற்பாவில் ஓதுகிறார். ஓட்டைப்பை வறுமை, கறுப்போரக் கைக்குட்டை இழவு, கயிறு இழிவு, ஊரும் உறவும் மொழியும் விட்டு வேறொன்றாகித் தளர்தலோ குடியேறியின் முழு வாழ்வு. அழுகைக்கு அவர் வகுத்த நான்கு நிலைக்களன்களையும் எடுத்துக்கொண்டு ஒருவர் நகையை விளைத்திருக்கிறார். விளைத்தும் அழுகையைப் பொய்யாக்கவில்லை. இது குழந்தைகளால் ஆகக்கூடியதோ? நகைச்சுவைப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டாத பகுதியென்று தள்ளிப் படிக்கும் நாம், இதனை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நலம்.

குறை சொல்லவும் இடமுண்டு. ஓவியர் மிக வசதியான வேளையில் வந்து சேர்கிறார். வாழ்க்கையில் அத்தகைய ஓவியர் அடிக்கடி வருவதில்லை. தாயின் மரணத்தின்மீது படம் இன்னும் சிறிது நின்றிருக்கலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு அவ்வாறு நில்லாமையே நன்றென்று பட்டது. பசித்திருப்பவர்க்கு நின்று அழ நேரம் ஏது?

சாப்ளின் இவற்றைக் கற்பனையால் மட்டும் கண்டவர் அல்லர். 1889-ல் இலண்டனிற் பிறந்து, ஏழு வயதில் ஏழையர் விடுதியிற் சேர்க்கப்பட்டவர். தாயார் மனநோயால் வருந்தக் கண்டவர். 1910-ல் நாடகக் குழுவொன்றுடன் கால்நடை ஏற்றும் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து, கனடாவில் இறங்கி நியூயார்க் சேர்ந்தார். ஏழாண்டுகளுக்குள், ஆண்டொன்றுக்கு 6,70,000 டாலர் ஊதியம் பெறுபவராயினார். அவ்வளவு பணம் பெற்றவர் 10 சென்டு குறைந்தவனின் அச்சத்தை மறவாதிருந்தார் என்பதே எனக்கு வியப்பு.

பின்னர் நேர்ந்ததோ வேறு. நாற்பதாண்டுக்கு மேலாக அங்கு வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. 1952 செப்டம்பரில் தம் புதிய படத்தின் வெளியீட்டுக்காக இலண்டன் நோக்கிக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே, அவர் மீண்டும் நாட்டிற்குள் நுழையும் அனுமதி நீக்கப்பட்டது. கயிறு இம்முறை நெடுந்தொலைவிலிருந்தே வீசப்பட்டது. 1972-ல்தான், சிறப்புப் பரிசொன்று பெறுவதற்காக, முதியவராய்த் திரும்பச் சென்றார். அவர் மறைந்தது 1977-ல். அதிகாரியை உதைக்கும் அப்படத்தை அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தக்கதென்று 1998-ல் அந்நாடே சேர்த்துக்கொண்டது.

படத்தின் கடைசிக் காட்சியை இன்னும் கூறவில்லை. மழை கொட்டுகிறது. குடையில்லை. விவாக அனுமதிச் சீட்டு வழங்கும் அலுவலகத்தின் வாயிலில் இருவரும் நனைந்து நிற்கின்றனர். அவள் நாணி மறுக்கிறாள், சிரிக்கிறாள், மறுக்கிறாள். இங்கேயும் எத்தனையாவது மறுப்பு மெய்யென்று அளக்கவேண்டியிருக்கிறது. இம்முறை சார்லி சரியாகவே அளக்கிறான். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறான். ஓவியரிடம் கேட்டு வாங்கிய முன்பணம் பையில் இருக்கிறது. ஓட்டையைத் தைத்தானா என்பதைப் படம் சொல்லவில்லை.